யார் கத்துகிறாரோ அவருக்கே முதல் தவணையா?

கேள்வி: ஐயா, திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல், பீஸ் ரேட்டில் மாதம் 8,000 வரும். வீட்டுக்காரர் சுமை தூக்கும் வேலை பார்த்தார். போன தீபாவளிக்கு முன்னால் முதுகில் அடிபட்டது. இப்போது வாட்ச்மேன் வேலை, 6,000 தருகிறார்கள். உரிமைத்தொகை 1,000. ஆக 15,000தான் வரவு. மூன்று கம்பெனியில் குழுக் கடன் இருக்கிறது. ஒன்றில் பாக்கி 38,000, மாத டியூ 2,650. இரண்டாவதில் 22,000, டியூ 2,200. மூன்றாவது பக்கத்து வீட்டு அக்காவுக்காக என் பெயரில் எடுத்தது. பாக்கி 31,000, டியூ 2,400. அவர் நான்கு மாதமாகக் கட்டவில்லை. இது போக 10,000 தண்டல். கையில் கொடுத்தது 8,500. தினம் 100 ரூபாய், இன்னும் 45 நாள் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் 3 பவுன் அடகு, 75,000. வருடம் முடிந்து வட்டி 8,000 ஆகி, ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. டியூ தவறினால் குழு ஆட்கள் ராத்திரி 8 மணி வரை வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போலீஸ் வரும், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவோம் என்கிறார்கள். போனில் ஒரு ஆப்பில் 25,000 கடன் கிடைக்கும் என்று தோழி சொல்கிறாள். அதை வாங்கி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டிவிடலாமா? சில ராத்திரி தப்பான யோசனையெல்லாம் வருகிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். அந்த யோசனை மறுபடி வரும் ராத்திரியில் 14416க்கு ஒரு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 104லும் பேசலாம். வீட்டுக்காரரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது தீர்க்கக்கூடிய கடன். ஒரே மாதத்தில் தீராது, அவ்வளவுதான்.

ஆப் கடன் வேண்டாம். 25,000 என்று காட்டி, பிடித்தம் போகக் கையில் குறைத்துத்தான் தருவார்கள். அடுத்த மாதம் டியூ வரிசையில் இன்னொருவர் வந்து நிற்பார். அந்த ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் எது என்று உங்கள் தோழியால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடன் தரும் ஆப் உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று 2022இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. போலி ஆப்புகள் முதலில் தொடுவதே அதைத்தான். ஏற்கெனவே எதையாவது இறக்கி, மிரட்டல் வந்திருந்தால் 1930க்குச் சொல்லுங்கள். அது சைபர் குற்றப் பிரிவின் எண்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று குழுவுக்கும் சேர்த்து 7,250, தண்டலுக்கு 3,000. மாதம் 10,250 போகிறது. 15,000 வரவில் மிச்சம் 4,750. நீங்கள் இணைத்து அனுப்பிய செலவுத் தாளில் வாடகை 3,000, சாப்பாடு 5,000, கேஸும் கரண்டும் 900, பிள்ளைகளின் பள்ளி, பஸ் 1,000, வீட்டுக்காரர் மருந்து 1,200 என்று இருக்கிறது, 11,100 ஆகிறது. அதில் குறைக்க ஒன்றுமில்லை. அப்படியானால் நீங்கள் உண்மையில் கட்டக்கூடியது 3,900 மட்டும். மீதியை இத்தனை மாதமாக எங்கிருந்தோ புரட்டியிருக்கிறீர்கள். தண்டல் அப்படி வந்தது, ஆப் பக்கம் யோசனை போனதும் அதனால்தான்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றபின் இந்த ஆலோசனை மேஜைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று: யார் வாசலில் வந்து கத்துகிறாரோ, அவருக்கு முதலில் கட்டுகிறார்கள். நோட்டீஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிற கூட்டுறவு வங்கி கடைசியாகப் போய்விடுகிறது. உங்கள் வரிசையும் அதுதான். ஆனால் உங்களிடம் இருந்து சொத்தை எடுத்துக்கொள்ள இன்றைக்கு முழு உரிமை உள்ளவர் அந்த ஒருவர்தான். நகை அவர் பெட்டகத்தில் இருக்கிறது. வாசலில் கத்துகிறவர் கையில் ஒரு அடமானமும் கிடையாது.

அதனால் முதல் வேலை நகை. இந்த வாரமே கூட்டுறவு வங்கிக்குப் போய் ஏலத் தேதி எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். வட்டி முழுவதையும் கட்டினால் மறு அடகு வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்த 8,000 உங்களிடம் இல்லை என்பது தெரியும். இங்கே நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அந்த 3 பவுனில் 2 பவுன் சங்கிலி ஒன்று, 1 பவுன் வளையல் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கிலியை விற்றுவிடுங்கள்.

மகளுக்கென்று வைத்தது, மாமியார் போட்டது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்தேன். ஆனாலும் சொல்கிறேன். இன்றைய தங்க விலையில் அந்தச் சங்கிலி மட்டுமே அசலும் வட்டியுமான 83,000ஐ நன்றாகத் தாண்டும். சேதாரம் கழித்தாலும் தாண்டும். நகைக் கடன் முடிந்து வளையல் வீட்டுக்கு வரும். மிஞ்சுவதில் தண்டல் பாக்கி 4,500ஐ அடைத்துவிடலாம். 22,000 குழுக் கடனையும் முடிக்க வாய்ப்பு அதிகம். குழுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது, அது ரிசர்வ் வங்கி விதி. அதன்பிறகு இருப்பது இரண்டே கடன், 69,000. மாதம் 3,900 வீதம் கட்டினால், வட்டி 24 சதவீதத்தை ஒட்டி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

சங்கிலியைக் காப்பாற்றினால் என்ன ஆகும்? மூன்று குழுக் கடனுக்கும் சேர்த்து 91,000 பாக்கி. அதற்கு வட்டி மட்டுமே மாதம் 1,800 ரூபாய்க்கு மேல். நகைக்கு வட்டி தனி. மகள் கல்யாணம் வருவதற்குள் அந்தச் சங்கிலியின் விலையை வட்டியாகவே கட்டி முடித்திருப்பீர்கள். இரண்டு வருடம் கழித்து இதே 3,900ஐ மாதாமாதம் ஒரு ஆர்.டி.யில் போட்டால் மகளுக்கு வேறு நகை வாங்கலாம். முடிவு உங்களுடையது, என் மகள் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

விற்கும் விதத்தில் கவனம் தேவை. மீட்க முதலில் 83,000 ரொக்கம் வேண்டும். அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று போர்டு வைத்திருப்பவர்கள் வசதியாகத் தெரிவார்கள். பவுனுக்குப் பல ஆயிரம் அடித்துவிடுவார்கள். உங்கள் குடும்பம் வழக்கமாக நகை எடுக்கும் கடைக்காரரிடம் கேளுங்கள், ஆளை வங்கிக்கு அனுப்பிப் பணம் கட்டி எடுக்கச் சம்மதிப்பவர் பலர் உண்டு. குறைந்தது இரண்டு கடையில் விலை கேளுங்கள். அன்றைய பழைய தங்க விலை, எடை, கழிவு மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். ஒருவேளை எதுவும் முடியாமல் நகை ஏலம் போய்விட்டாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. அதைப் பலர் கேட்பதே இல்லை, நகை மூழ்கிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

தள்ளுபடி வரும் என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடி ஆனது உண்மைதான். அது அந்த ஆண்டு மார்ச் 31 நிலவரப்படி இருந்த பாக்கிக்கு, நிபந்தனைகளோடு வந்தது. அடுத்தது எப்போது, யாருக்கு என்று நம்பி ஏலத் தேதியைத் தவறவிட முடியாது.

தண்டல்காரர் விஷயம். 8,500 கொடுத்து 100 நாளில் 10,000 வாங்குவது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 120 சதவீத வட்டி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் உங்களுக்கு இன்னும் பாக்கி 4,500தான். சண்டை போட்டு நேரத்தை வீணாக்குவதைவிட அதை முடித்துவிடுவது நல்லது. சங்கிலிப் பணம் வர நாளானால், தினம் 100ஐ 50 ஆக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பாக்கியைக் கழித்துக்கொண்டு புதிதாக ஒரு 10,000 தருகிறேன் என்பார், அதை வாங்காதீர்கள். முடிக்கிற அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும், செக் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிவிட வேண்டும். தர மறுத்தாலோ வட்டிக்கு வட்டி போட்டாலோ, நியாயமான வட்டியோடு பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப்போட அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வாடிக்கையாகத் தண்டல் வாங்குபவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை.

இனி குழுக் கடன்கள். டியூ கட்டாதது குற்றம் இல்லை. அது உரிமையியல் வழக்கு, போலீஸ் வந்து பிடித்துப்போகிற விஷயம் அல்ல. விதிவிலக்கு ஒன்று உண்டு. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினாலும், வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் டியூ திரும்பினாலும் வழக்குப் போட முடியும். உங்கள் மூன்றில் எதற்காவது அப்படிப் பிடித்தம் இருந்தால், திரும்பப்போகிறது என்று தெரிந்தவுடன் அந்தக் கம்பெனியின் கிளைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கியின் அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

மெஷினைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குழுக் கடன் என்பதே அடமானம் இல்லாத கடன். ஒரு கம்பெனி வழக்குப் போட்டு, ஜெயித்து, ஜப்திக்கு உத்தரவு வாங்கினால்கூட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சிலவற்றைத் தொடவிடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற ஆபரணம், கைத்தொழில் செய்பவரின் கருவிகள் எல்லாம் அதில் வருகின்றன. தையல்காரருக்குத் தையல் மெஷின்தான் கருவி. கூலித் தொழிலாளியின் கூலியையும் ஜப்தி செய்ய முடியாது. வசூலுக்கு வருகிற பையனுக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்காது. அவனுக்கு டார்கெட் மட்டும்தான் தெரியும். அவனும் பாவம், மாதச் சம்பளக்காரன். ஆனால் மெஷினில் கை வைத்தால் 100க்குப் போன் செய்யுங்கள், யோசிக்காதீர்கள்.

வாசலில் உட்காருவதும் கூடாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் குறுங்கடன் விதிகளின்படி, வசூல் நடக்க வேண்டியது இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில். நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. திட்டுவது, ஓயாமல் அழைப்பது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, பெயரை எழுதி ஒட்டுவது, கட்டாவிட்டால் இது நடக்கும் அது நடக்கும் என்று பொய்யாகப் பயமுறுத்துவது எல்லாமே தடை. தாமத அபராதம் போட்டாலும் தவறிய தொகைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் அல்ல. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அடுத்த முறை 8 மணிக்கு உட்கார்ந்தால் சத்தம் போடாமல் போனில் ஒரு படம் எடுங்கள், நேரமும் பெயரும் குறித்து வையுங்கள். புகாருக்கு அதுதான் பலம்.

எனக்கு இதில் சங்கடமாக இருப்பது கம்பெனி ஆட்கள் அல்ல, குழுவில் இருக்கும் மற்ற பெண்கள். நீங்கள் கட்டாத டியூவைப் பங்கு போட்டுக் கட்டச் சொல்லி அவர்களையும் சென்டரில், அதாவது குழுக்கள் கூடி டியூ கட்டும் இடத்தில், உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சென்டர் மீட்டிங்குக்குப் போகாமல் ஒளிந்தால் அது இன்னும் வளரும். தலைவியை நேரில் பார்த்து, வீட்டுக்காரரின் மருத்துவச் சீட்டைக் காட்டி, இந்த மாதத்தில் இருந்து எவ்வளவு கட்டுவீர்கள் என்று தொகையோடு சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தொகையைத் தவறாதீர்கள்.

எவ்வளவு கட்டுவது? சங்கிலியை விற்றால் மேலே சொன்ன இரண்டு கடனுக்கும் 3,900ஐப் பாக்கிக்கு ஏற்ப 2,150, 1,750 என்று பிரியுங்கள். விற்க மனம் வராவிட்டால் கணக்கு மெலிந்துவிடும். தண்டலுக்கு 1,500, நகை வட்டிக்கு 500 எடுத்துவைத்தால் 1,900தான் மிஞ்சும்; மூன்று கம்பெனிக்கும் 800, 450, 650. தண்டல் முடியும்வரை இது வட்டிக்கே சரியாகப் போகும், அசல் குறையாது. ஏல நோட்டீஸுக்கு உடனே வேண்டிய 8,000க்கும் இதில் வழியில்லை.

இதை வாயால் சொல்லாமல் ஒவ்வொரு கம்பெனியின் கிளை மேலாளருக்கும் கடிதமாகக் கொடுங்கள். வருமானம் ஏன் குறைந்தது, செலவு என்ன, மாதம் எவ்வளவு முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தர வேண்டும் என்று ஒரு பக்கம் போதும். மருத்துவச் சீட்டு நகலையும் வரவு செலவுத் தாளையும் இணையுங்கள். மற்ற கம்பெனிகளுக்கும் இதே கணக்கில்தான் கொடுக்கிறேன் என்று எழுதுவது முக்கியம். தனக்கு மட்டும் குறைக்கிறார்கள் என்று நினைத்தால் எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தாலும் அந்தத் தொகையைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டே இருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. 14448இல் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

கடன் வாங்கும்போது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். பெரும்பாலும் இறப்புக்கு மட்டும்தான் அது. சிலவற்றில் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களுக்குத் தினப்படி உண்டு. கடன் அட்டையோடு தந்த தாளைத் தேடிப் பாருங்கள், அல்லது கிளையில் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கடன், சட்டப்படி உங்கள் கடன். வருத்தமாக இருந்தாலும் அதை மாற்ற முடியாது. கம்பெனியிடம் அவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அவரிடம் மாதம் 2,400 கேட்டால் ஓடுவார். 1,000 கேட்டால் தரக்கூடும். பணத்தை வாங்கியது அவர்தான் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். இந்த உதவியைத் திரும்ப யாருக்கும் செய்யாதீர்கள், கூடப்பிறந்தவருக்கும்கூட.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றத்திலும் உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 அவர்கள் எண். கம்பெனி நோட்டீஸ் அனுப்பினால் அங்கே எடுத்துப்போய், மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே தொகையும் தவணையும் பேசி உத்தரவாகிவிட்டால் இரு தரப்பையும் கட்டும், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். ஒரே தொகையில் தீர்த்துக்கொண்டால் சிபில் போன்ற கடன் வரலாற்றுப் பதிவுகளில் முழுதாகக் கட்டி முடித்ததாக இல்லாமல் சமரசம் என்று நிற்கும். அடுத்த கடன் கிடைக்கச் சிரமப்படும். உங்கள் நிலையில் அது கெட்டதா என்று எனக்குச் சந்தேகம்தான். எப்படி முடித்தாலும் பாக்கியில்லைச் சான்றிதழ் வாங்காமல் வராதீர்கள்.

உங்கள் கடனை நாங்கள் பாதியாக்கித் தருகிறோம், முன்பணம் 3,000 கொடுங்கள் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். மேலே சொன்ன எந்த அலுவலகத்திலும் காசு வாங்கக் கூடாது.

வரவில் கொஞ்சம் கூட்டவும் வழி உண்டு. தையல் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் இருக்கிறது, சுமை தூக்குபவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் வருவார்கள். பதிவு இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும். வீட்டுக்காரர் அடிபடும் முன்பே பதிந்திருந்தால் விபத்து உதவிக்கும் கேட்டுப் பார்க்கலாம். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பெரியவள் அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளி என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கு வரும். அந்தப் பணத்தை டியூவுக்கு எடுக்காதீர்கள். அவள் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது வேண்டும்.

கடன்கள் இரண்டாகக் குறைந்து, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியபிறகு, ஊரில் மகளிர் திட்டத்தின் கீழ் நடக்கும் சுய உதவிக் குழுவில் சேரப் பாருங்கள். கிராமக் குழுக்களுக்கு வங்கிகள் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் தருகின்றன. அதற்குக் குழு சேமித்து, கூட்டம் நடத்தி, தரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இப்போதே அதைக் கேட்டு வாங்கிப் பழைய டியூவைக் கட்ட நினைத்தால் குழுவையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான்: கூட்டுறவு வங்கியில் ஏலத் தேதி கேட்பது, கிளை மேலாளர்களுக்கான கடிதம். கடிதம் எழுதச் சிரமமாக இருந்தால் மூன்று கடன் அட்டை, நகை ரசீது, ஆதார், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையத்துக்குப் போங்கள். எந்த வங்கிக் கிளையில் கேட்டாலும் இடம் சொல்வார்கள். முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். வாசலில் ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.